நரி முத்திரை

அந்தத் தையல் கூடத்தில் யாருக்கும் எண் கிடையாது, ஆளுக்கு ஒரு மிருகம்தான். அங்கே தைப்பது ஒரே ஒரு சாமான்: கைக்குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடப்பதற்கான பை. தைத்து முடித்ததும் தோள்பட்டை வாரின் உள்பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் முத்திரையை மையில் ஒற்றிக் குத்த வேண்டும். முயல் குத்தியிருந்தால் தைத்தவர் முயல். யானை குத்தியிருந்தால் யானை. எண் சொல்லிக் கூப்பிட்டால் சிறைச்சாலை மாதிரி இருக்கிறது என்று முதலாளியம்மாவுக்குத் தோன்றியதால் வந்த ஏற்பாடு. தங்கமான மனசு அவளுக்கு. தங்கமான மனசுக்காரர்கள் இழுத்துவிடும் வம்புக்கு மட்டும் மருந்தே கிடையாது.

நம் கதையின் அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே தங்கையையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். தாய் போன பிறகு தங்கைக்கு எல்லாம் இவள்தான். தலை பின்னிவிட்டதும் இவள், பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டதும் இவள், தையல் சொல்லிக் கொடுத்ததும் இவள். தங்கைக்கு இடது கைப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் எல்லாம் ஏறுக்குமாறாக வந்தது. கடைசியில் எதிரே உட்கார வைத்து, "கண்ணாடியைப் பாத்து செய்யற மாதிரி செய்டி" என்றாள். அதன் பிறகுதான் தங்கைக்குக் கை படிந்தது. அக்கா இடது மூலையில் ஊசியை இறக்கினால் தங்கை வலது மூலையில் இறக்குவாள். தையல் என்னவோ ஒன்றுதான்.

சேர்ந்த அன்று ஒரு தகர டப்பாவை நீட்டி, பார்க்காமல் ஆளுக்கொரு முத்திரை எடுக்கச் சொன்னார்கள். அக்காவின் கைக்குப் புறா வந்தது. தங்கையின் கைக்கு நரி வந்தது. கூடமே சிரித்தது. "கத்தரிக்கோலை எல்லாம் பத்திரமா வச்சுக்குங்கப்பா" என்று சூப்பர்வைசர் சொன்னதும் இன்னும் ஒரு முறை சிரித்தது. தங்கையின் கண் நிறைந்துவிட்டது.

"நான் என்னக்கா பண்ணேன்? எனக்கு ஏன் இது?"

"இதுக்குப் போய் அழுவாங்களா? இந்தா, இதை நீ வச்சுக்கோ. அதைக் குடு." அக்கா புறாவைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். "நரி முகத்துல முழிச்சா அதிர்ஷ்டம்னு சொல்வாங்க. இனிமே நான் தினம் அது முகத்துலதானே முழிக்கப் போறேன்!"

ஒரு ரப்பர் துண்டுதானே என்று நினைத்துத்தான் கொடுத்தாள். தோளில் உட்கார்ந்த ரப்பர் துண்டு மெல்லத் தலைக்கு ஏறும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

யானை முத்திரை வந்தவள் ஊதினால் பறந்துவிடுவாள், அவ்வளவு ஒல்லி. ஆனாலும் துணிக்கட்டு இறக்க வேண்டும் என்றால், "யானை எங்கப்பா?" என்று அவளைத்தான் தேடுவார்கள். பாவம், முதுகு பிடித்துக்கொண்டு அலைந்தாள். கூடத்திலேயே வேகமாகத் தைப்பவர் ஆமைக்காரர். அனுப்ப வேண்டிய சரக்கு தாமதமானால் மட்டும் எல்லோர் கண்ணும் அவர் பக்கம் போகும். ஆந்தைக்குக் கிடைத்த மரியாதையோ இரண்டு விதம். ஆந்தை என்றால் அறிவு என்று முதலாளியம்மா எங்கேயோ படித்திருந்தாள், அதனால் அவரிடம் யோசனை கேட்பாள். தையல்காரர்களுக்கு ஆந்தை என்றால் அலறல், அலறல் என்றால் கெட்ட சேதி. புது மெஷின் வந்தால் அதை முதலில் ஓட்டிப் பார்க்க அவரை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரே பறவை, ஒரே கூரைக்குக் கீழே, முதலாளியம்மாவின் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அர்த்தம், இந்தப் பக்கம் ஒரு அர்த்தம்.

அக்காவுக்கு 'நரியக்கா' என்று பெயர் வந்தது. அவள் பேசாமல் இருந்தால், "என்னமோ திட்டம் போடுது." சிரித்துப் பேசினால், "உஷாரா இரு." ஒரு கோடைக்காலத்தில் மின்விசிறி போதவில்லை என்று முதலாளியம்மாவிடம் யார் போய்க் கேட்பது என்ற பேச்சு வந்தது. "நரியக்கா பேசட்டும், அவளுக்குத்தான் சாமர்த்தியம் உண்டு" என்று அனுப்பினார்கள். அவள் உள்ளே போய், "ரொம்பப் புழுக்கமா இருக்கும்மா" என்றாள். அடுத்த வாரம் மின்விசிறி வந்தது. "என்ன தந்திரம்!" என்று கூடமே வாயைப் பிளந்தது. புழுக்கமாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன தந்திரம் இருக்கிறதோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரரும் விட்டு வைக்கவில்லை. "வீட்டுக்குள்ளயே நரி இருக்கு, ஒரு கோழி வளர்க்கவே பயமா இருக்கு" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆரம்பத்தில் உண்மையாகவே சிரிப்பு வந்தது.

தங்கை கதை வேறு. துணி அறைச் சாவி அவளிடம் வந்தது. இரண்டு பேர் சண்டை போட்டால் சமாதானம் பேச அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். "புறா மனசு" என்று எல்லோரும் உருகினார்கள். நிஜப் புறாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது. ஒரு கூண்டில் இரண்டு புறாவை அடைத்துப் பாருங்கள், ஒன்று மற்றதைக் கொத்திக் கொத்தியே மூலையில் தள்ளும். நரி தன் ஜோடியை விட்டுப் போகாது, குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டும். ஆனால் யார் போய்ப் பார்த்தார்கள்? மிருகங்களுக்கு மனிதன் கொடுத்த பட்டம் எதுவும் அவற்றைக் கேட்டுக் கொடுத்தது இல்லை.

அக்கா, தங்கை இருவர் மெஷினும் எதிரெதிரே இருந்தன. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே மைப் பெட்டி. நரியும் புறாவும் அதன் மூடி மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அப்படியே பல வருஷம் ஓடியது. தங்கைக்குக் கல்யாணம் ஆகி, ஒரு பெண் பிறந்து, அந்தப் பெண்ணும் படிப்பை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டாள்.

அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போனது. மெஷினில் குனிந்து எழுந்தால் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பரிசோதனை மேசையில் இருந்தவர் வேலையை விட்டுப் போகப்போவதாகச் செய்தி வந்தது. ஜன்னல் ஓரம், நல்ல வெளிச்சம், சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி. தைத்து வரும் பைகளை எடுத்துப் பார்த்து, அங்கங்கே ஒன்றை இழுத்துச் சோதித்து அனுப்ப வேண்டியதுதான் வேலை. "அந்த இடம் உனக்குத்தான்" என்று முதலாளியம்மா வாய்விட்டே சொல்லியிருந்தாள். அக்கா வீட்டில் அந்த நாற்காலிக்கு என்று ஒரு மெத்தைகூடத் தைத்து வைத்துவிட்டாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

ஒரு நாள் முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினாள். நாற்காலி விஷயம் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மேசை மேல் மூன்று பைகள் கிடந்தன. சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"வார் பிஞ்சிடுச்சாம். ஒரு குழந்தை விழுந்திருக்கு" என்றாள் முதலாளியம்மா. "கட்டில் மேல விழுந்ததால ஒண்ணும் ஆகல. தரையா இருந்தா? படிக்கட்டா இருந்தா?"

மூன்று வாரிலும் நரி இருந்தது.

அக்கா ஒரு பையை எடுத்து வாரின் அடியைப் பார்த்தாள். வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமாக ஒரு கட்டம் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட வேண்டும். அதையே இரண்டாம் முறையும் அப்படியே ஓட்ட வேண்டும். இரண்டு ஓட்டு, அதுதான் சட்டம். இதில் ஒரு ஓட்டுதான் இருந்தது. அவள் அடுத்த பையை எடுத்தாள். அதிலும் ஒரு ஓட்டு. ஊசி இறங்கிய மூலை எது என்று பார்த்தாள். வலது மூலை. மூன்றாவதிலும் வலது மூலை. பக்கத்து அறையில் இருமினாலும் தன் பிள்ளையின் இருமல் தாய்க்குத் தெரியும். இது யார் கை என்று அவளுக்கு அப்படித் தெரிந்தது. குழந்தை விழுந்ததற்கு அழுவதா, விழவைத்த கையை நினைத்து அழுவதா என்று புரியவில்லை.

"இது நான் தைச்சது இல்லம்மா."

"முத்திரை யாரோடது?"

"முத்திரை என்னோடதுதான்."

"நரிக்கு நாட்டாமை குடுத்தா கிடைக்கு ரெண்டு ஆடு கேக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் சூப்பர்வைசர், ஜன்னலைப் பார்த்தபடியே. "பரிசோதனை மேசை வேற குடுக்க இருந்தீங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வளர்த்தவளுக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. முதலில் அவளிடமே கேட்டுவிடுவோம் என்று நினைத்தாள். "விசாரிக்கிறேன், அதுவரைக்கும் நீ வீட்ல இரு" என்று முதலாளியம்மா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள். ஒளிக்க முயற்சி செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மணிக்கட்டு வலிக்கா. ரெண்டாவது ஓட்டு போட முடியல. மெஷினுக்கு இத்தனை பைன்னு நாள் கணக்கு முடிக்கணும்ல? ஒரு நாள் விட்டுட்டேன். அன்னைக்குக் கை தவறித்தான் உன் முத்திரைய எடுத்துக் குத்திட்டேன். சத்தியமா கை தவறித்தான்."

"அப்புறம்?"

தங்கை மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அப்புறம் கை தவறலைல்ல?"

"ஒரு ஓட்டு விட்ட பையில எல்லாம் அதைத்தான் குத்தினேன்."

"ஏன்டி? கை வலிக்குதுன்னு என்கிட்ட சொல்லியிருந்தா உன் பங்கையும் சேத்து நான் தைச்சிருக்க மாட்டேனா?"

தங்கை சட்டைக் காலரைத் தடவி நேராக்கினாள். பிறகு மெதுவாக, யாருக்கோ நியாயம் எடுத்துச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"வெள்ளைத் துணில கறை பட்டா பளிச்சுனு தெரியும்கா. உன்னை ஏற்கெனவே எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறாங்க. இன்னும் ஒண்ணு சேந்தா உனக்கு என்ன வந்துடப் போகுது? எனக்கு அப்படியா?"

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். பாய்ந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அது கோபத்தில் செய்வது. இது கணக்குப் போட்டுச் செய்தது. தன் கையால் கொடுத்த புறாவின் வெள்ளையைக் காட்டியே தன் மேல் கறையைத் துடைக்கிறாள் என்பதை அக்காவால் நம்ப முடியவில்லை. அந்த வீட்டின் நடுவில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதாள். தங்கையும் அழுதாள். "நாளைக்கு நானே போய்ச் சொல்லிடறேன்கா. என்மேல ஆணையா" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா நம்பினாள்.

இரண்டு நாள் பார்த்தாள். அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள் அவளே போனாள்.

வாசல் முற்றத்தில் பைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நரி குத்திய பை எல்லாவற்றையும் கடைகளிலிருந்து திருப்பி வாங்கியிருந்தார்கள். யானைக்காரியும் ஆமைக்காரரும் உட்கார்ந்து ஒவ்வொரு வாராகக் கத்தரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தாள். இடது மூலை, இரண்டு ஓட்டு. அவளுடையது. இன்னொன்று, அதுவும் அவளுடையது. நல்லது கெட்டது பார்க்காமல் அவள் வேலை முழுவதும் கந்தலாகிக்கொண்டிருந்தது. யானைக்காரி தலையைத் தூக்கவே இல்லை.

உள்ளே போனாள். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு மேல் அக்காவுக்கு அடக்க முடியவில்லை. முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, கூடமே கேட்கச் சொன்னாள். முற்றத்துக் குவியலைக் கிளறி, ஒரே ஓட்டு போட்ட வெட்டாத பை ஒன்றை எடுத்து வந்து, ஊசி இறங்கிய மூலையைக் காட்டினாள். "வலது மூலைல ஆரம்பிக்கிறவ இங்க ஒருத்திதான். இடது கைக்காரி. நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்."

முதலாளியம்மா தங்கையைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் சந்தேகம் வந்தது. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. தங்கை எழுந்து வந்தாள். கண்ணில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஆமாம்மா, நான்தான். அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான். எங்கம்மா மாதிரி என்னை வளர்த்தவங்க. அவங்களுக்காக இதைக்கூட ஏத்துக்கலன்னா நான் என்ன பொண்ணு?"

குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆயிற்று, ஒப்புக்கொள்ளாத மாதிரியும் ஆயிற்று. கூடத்தில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"பாத்தியா?" என்றாள் முதலாளியம்மா. "உனக்காகப் பழியை ஏத்துக்க வர்றா. இவ மேலயா போடற?"

"மூலை?" என்றாள் அக்கா. "மூலையைப் பாருங்கம்மா."

"சொல்லிக் குடுத்ததே நீதானே?" என்றார் சூப்பர்வைசர். "அவ மாதிரியே வலது மூலைல ஆரம்பிச்சுத் தைக்க உனக்குத் தெரியாதா? நரித்தனம்னா இதுதான்."

உண்மையைச் சொன்னால் தந்திரம், பேசாமல் போனால் குற்றம். அக்கா சுற்றிலும் பார்த்தாள். பல வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட முகங்கள். அவள் பொய்யே சொல்லியிருந்தாலும் பக்கம் நின்றிருக்க வேண்டிய முகங்கள். ஒருவர் கண்ணும் அவளைச் சந்திக்கவில்லை. மைப் பெட்டி மூடி மேலிருந்த நரியை எடுத்து முதலாளியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். இடுப்பு வலித்தது. சுவரைப் பிடித்துக்கொள்ளாமலேயே இறங்கினாள்.

வீட்டுக்காரர் அன்றிலிருந்து கோழி ஜோக் சொல்வதை விட்டுவிட்டார். நாற்காலிக்குத் தைத்த மெத்தையை அவர் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் போட்டுக்கொண்டார். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டு, துணி சின்னதாக்குவதும் பெரிதாக்குவதுமாகக் காலத்தை ஓட்டினாள். தங்கை வரவில்லை, இவளும் போகவில்லை. தங்கை மகளின் கல்யாணத்துக்கு மட்டும் போய், மூலையில் உட்கார்ந்து வாழ்த்திவிட்டு வந்தாள். அந்தப் பெண் என்ன செய்தது, பாவம்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் தங்கை வந்து வாசலில் நின்றாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. ஜன்னல் ஓரத்து வேலை ஒத்துக்கொண்டிருக்கிறது.

"உள்ள வரலாமாக்கா?"

"கதவு திறந்துதானே கிடக்கு."

மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். பேரன். அக்காவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இத்தனை நாள் கட்டி வைத்த கோபம் எங்கே போனது என்று அவளுக்கே ஆச்சரியம். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள், குழந்தை முகத்தைப் பார்த்ததும் மனசு மாறியிருக்கிறது என்று நினைத்தாள். காபி போட எழுந்தாள்.

"அக்கா, அவனுக்கு ஒரு பை தைச்சுக் குடு."

அக்கா நின்றாள். "உன் மேசைக்குத்தான் அத்தனை பையும் வருதே? அதுல நல்லதா ஒண்ணை எடுத்துக்க வேண்டியதுதானே?"

"ஐயோ, வேண்டாம்கா." தங்கை பதறினாள். "ஆயிரம் பை வருது, எதை இழுத்துப் பாக்கறது, எதை விடறது? என் கையாலயே தைச்சாலும் எனக்கு பயம்தான். நீ தைச்சா நிம்மதியா இருக்கும்."

அதைச் சொல்வதில் அவளுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் இவளுக்குத் தெரியும். எப்போதும் தெரியும். உலகமே நரி என்று சொன்னபோதும் இவள் ஒருத்திக்கு மட்டும் இது யார் கை என்று சந்தேகமே இருந்ததில்லை. தெரிந்தேதான் அன்று அத்தனை பேர் முன்னாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

மூன்று நாளில் பை தயாரானது. குழந்தை என்ன பாவம் செய்தது என்று இரண்டு ஓட்டுக்கு மேல் மூன்றாவது ஓட்டும் போட்டாள். வாரைக் கதவின் கொக்கியில் மாட்டி, தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

தங்கை வந்து பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு கைப்பையைத் திறந்து, சின்ன மைப் பெட்டி ஒன்றை எடுத்தாள். கூடவே புறாவையும் எடுத்தாள்.

"மாப்பிள்ளை வீட்ல எல்லாருக்கும் நான் எங்க வேலை பாக்கறேன்னு தெரியும்கா. பாட்டியே தைச்சதுன்னு சொன்னாத்தான் மரியாதையா இருக்கும். நரி கை பட்டதுன்னு தெரிஞ்சா சம்பந்தியம்மா குழந்தையை அதுல வைக்கவே விடமாட்டாங்க. நீ தப்பா எடுத்துக்க மாட்டியே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடது கையால் முத்திரையை மையில் ஒற்றி, வாரின் உள்பக்கத்தில் அழுத்திக் குத்தினாள். அக்கா ஒரு நாள் தன் உள்ளங்கையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்ட அதே புறா, இறக்கை விரித்தபடி துணியில் வந்து உட்கார்ந்தது.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு உள்ளே ஏதாவது பாக்கி இருந்தால்தானே வரும். தங்கை பையை மடிக்கப் போனாள்.

"மடிக்காதே" என்றாள் அக்கா. "மை இன்னும் காயல. குழந்தை மேல ஒட்டிக்கும்."